வெட்டி எடுத்த பயம்

மதுரை மெய்யரங்கில் எண்ணூறு பேர் ஒரே சமயத்தில் மூச்சை இழுத்துப் பிடித்தார்கள். அது தவசிராஜனின் மூச்சு.

திரையில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொருவர் மார்பையும் மெய்யங்கி மெல்ல இறுக்கியது. பார்க்க உள்சட்டை மாதிரிதான் இருக்கும். போட்டுக்கொண்டால் இன்னொருவனின் உடம்பு நம் உடம்புக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அவன் நெஞ்சு எப்படி அடித்ததோ அப்படியே நம் நெஞ்சும் அடிக்கும். அவன் விரல் மரத்திருந்தால் நம் விரலும் மரக்கும். கழற்றிய கொஞ்ச நேரத்தில், விடிந்ததும் கனவு மறப்பதுபோல் எல்லாம் கலைந்துவிடும்.

முதலில் இது ராணுவ மருத்துவர்களுக்காக வந்த கருவி. சிப்பாய்களின் உள்சட்டையில் மெய்ப்பதிவி தைத்து அனுப்பினார்கள். அடிபட்டவன் உடம்பில் எங்கே என்ன கெட்டது என்று அது பதிந்து வைத்துக்கொள்ளும். பிறகு படக்கம்பெனிக்காரர்கள் அந்தப் பதிவுகளைத் தேடி வந்தார்கள். நிஜமான சிப்பாயின் உடம்பே கிடைக்கிறபோது நடிகன் முறைப்பதற்கும் கர்ஜிப்பதற்கும் ஜனங்கள் எதற்குக் காசு கொடுக்கப்போகிறார்கள்? முகம் மட்டும் நடிகனுடையது. உடம்பு சிப்பாயுடையது.

‘பனிமுகட்டு வேங்கை’ படத்தின் உடம்பு, ஓடைப்பட்டி தவசிராஜனுடையது. பதினைந்து வருட ராணுவ சர்வீஸ் முடித்து நாயக் பதவியோடு ஊர் திரும்பி, அப்பாவின் திராட்சைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன். முதல் காட்சிக்கு அவனையும் மனைவி செவ்வந்தியையும் மாலை போட்டு முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். அவனுக்கு மட்டும் அங்கி தரவில்லை. அவனும் கேட்கவில்லை. திரையைப் பார்க்காமல் மடியில் கிடந்த மாலையின் நாரைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

செவ்வந்திக்கு அங்கி இறுகியதுமே கண் கலங்கியது. அந்த நெஞ்சு அடிக்கிற தாளம் அவளுக்குத் தெரியும். படி ஏறினால் ஒரு துடிப்பு தப்பி, அடுத்தது சேர்ந்து விழும். அது அவள் புருஷனேதான்.

திரையில் குண்டு விழுந்தது. தவசிராஜனின் கூட்டாளி சூசைராஜாக நடித்தவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பனியில் சரிந்தான். செவ்வந்தி இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். இனிமேல் வரப்போவது என்னவென்று அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் அவளுக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும். போன வருடம் பந்தலுக்கு அடியில் திராட்சைக் கொடிகளைக் கவாத்து செய்துகொண்டிருந்தபோது, கத்தரியைக் கீழே வைத்துவிட்டு அவன் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். எதிர்முகட்டில் இருந்தவன் தலை தெரிந்தால் சுடுகிறான். தவசிராஜன் பகல் முழுக்க சூசைராஜை மடியில் போட்டுக்கொண்டு பள்ளத்தில் கிடந்தான். பயத்தில் மூத்திரம் போய் அது கால்சட்டையோடு உறைந்தது. துப்பாக்கியைத் தொடவே இல்லை. பச்சைப்பிள்ளை மாதிரி அழுதான். இருட்டிய பிறகுதான் ஆட்கள் வந்து தூக்கினார்கள்.

அங்கிக்குள் நெஞ்சு ஏறியது. இன்னும் ஏறியது. இப்போது உடையும் என்று அவள் காத்திருந்தாள்.

உடையவில்லை. ஏதோ ஒரு சூடு அடிவயிற்றிலிருந்து கிளம்பித் தோளில் முறுக்கேறியது. தாடை இறுகியது. கண்ணில் ஒரு துளி ஈரம் இல்லை. திரையில் சூசைராஜ் விறைப்பாக சல்யூட் அடித்து, தேசத்துக்கு ஜே போட்டுச் செத்தான். கதாநாயகனான வேங்கை அவன் உடம்பைத் தாண்டிக் குதித்து எழுந்து நின்று சுட்டது. எண்ணூறு பேரும் எழுந்து நின்று கத்தினார்கள். ஆண்கள் ஒருவரை ஒருவர் முதுகில் அறைந்துகொண்டார்கள்.

செவ்வந்தி அங்கியின் கழுத்தை இழுத்துத் தளர்த்தினாள். அந்தச் சூடு யாருடையது? அவள் அவனோடு பன்னிரண்டு வருடம் வாழ்ந்தவள். அப்படி ஒரு சூட்டை அவன் உடம்பில் ஒருநாளும் கண்டதில்லை.

இடைவேளையில் அவளே, உடம்புப் பதிவுகளை வெட்டி ஒட்டிய உணர்தொகுப்பாளரைத் தேடிப் போனாள். அகல்யா என்று பெயர். சென்னைக்காரி, தூக்கம் கெட்ட முகம்.

“எங்க வீட்டுக்காரர் அழுதது எங்கம்மா?”

அகல்யா சுற்றிலும் பார்த்துவிட்டு அவளைத் தூணுக்குப் பின்னால் அழைத்துப்போனாள். “முதல்ல எல்லாத்தையும் வெச்சுதான்க்கா தொகுத்தேன். சோதனைக் காட்சியில ஆம்பளைங்க பாதியிலேயே அங்கியைக் கிழிச்சு எறிஞ்சாங்க. ஒருத்தர் அம்மான்னு கத்தி அழுதுட்டு, அப்புறம் வெளிய வந்து ஆபரேட்டரை அடிக்கப் போயிட்டார். ஹீரோவுக்கு வலிக்கலாம், ரத்தம் வரலாம். பயம் மட்டும் வரக்கூடாதாம். ராணுவ விளம்பரப் பிரிவுலயும் அதையேதான் சொன்னாங்க. வெட்டிட்டேன்.”

“அப்ப அந்தக் கோவம்?”

“ஒரு குஸ்தி பயில்வானோடது. வெட்டுன இடத்துல வெச்சுத் தச்சிருக்கேன்.” அவள் செவ்வந்தியின் கையைப் பிடித்தாள். “அக்கா, ஒண்ணு சொல்றேன், கவனமா கேளுங்க. உங்க வீட்டுக்காரர் மட்டும் இந்தப் படத்துக்கு அங்கி போடவே கூடாது. மத்தவங்களுக்கு இது அடுத்தவன் உடம்பு. அதனால கொஞ்ச நேரத்துல உடம்பு வெளிய தள்ளிடும். அவருக்கு இது சொந்த உடம்பு. தன்னோடதுன்னு நினைச்சு உள்ள வாங்கிக்கும். திருப்பித் தரவே தராது.”

ஓடைப்பட்டிக்கு அவர்கள் திரும்பியபோது தவசிராஜன் வேறு ஆளாக ஆக்கப்பட்டிருந்தான். அவன் ஒன்றுமே செய்யாமல். டீக்கடையில் பெரியவர்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். “கூட்டாளி சாகுறான், ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையேப்பா. ஆம்பளைன்னா அவன் ஆம்பள” என்று அவன் காதுபடப் பேசினார்கள். படம் பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளை முறைக்காரன் ஒருவன் அவன் கையைப் பிடித்து, “மச்சான், ஒங்க உடம்புக்குள்ள மூணு மணி நேரம் இருந்தேன். இத்தன நாளு நான் வாழ்ந்ததெல்லாம் ஒரு வாழ்க்கையா?” என்றான்.

தவசிராஜன் எல்லாருக்கும் சிரித்தான். வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு போய்விடும். முன்பெல்லாம் எப்போதாவது சூசைராஜ் நினைவு வந்து கண் நிறைந்தால் மறைக்க மாட்டான். அவள் முந்தானையிலேயே துடைத்துக்கொள்வான். இப்போது எழுந்து தோட்டத்துக்குப் போய்விட ஆரம்பித்தான்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை உதறிவிட்டுச் சொன்னான்: “நாளைக்கு மதுரைக்குப் போறேன்.”

அவளுக்குப் புரிந்துவிட்டது. “வேணாங்க. அந்தப் பொண்ணு சொன்னதச் சொன்னேன்ல.”

“சொன்ன.”

“அப்பறமும் போவீகளா?”

“ஊரே அந்த ஆள நான்னு நெனைக்குது. என்னய யாருக்கும் தெரியல. தெரிஞ்சா காறித் துப்புவாக. ஒரே ஒரு தடவ நானும் அந்த ஆளா இருந்து பாக்குறேனே, செவ்வந்தி.”

“எனக்குத் தெரியும்ல ஒங்கள? நான் துப்புனனா?”

அவன் எழுந்து கை கழுவப் போனான். அவள் அவன் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள். சட்டையை ஒளித்து வைத்தாள். பேருந்து நிறுத்தம்வரை பின்னாலேயே போனாள். அங்கே நின்ற ஆட்கள் அவனைப் பார்த்ததும் வணக்கம் வைத்தார்கள். அவர்கள் முன்னால் அவள் எதைச் சொல்லி அவனைத் தடுப்பாள்? அவன் அழுதான் என்றா? பயந்தான் என்றா? வாயைத் திறந்தால் அவன் மானம் போகும். மூடினால் அவனே போய்விடுவான். பேருந்து வந்தது. அவன் ஏறிக்கொண்டான்.

மறுநாள் காலை திரும்பி வந்தவன் தெருவில் நடக்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தோள் அகன்றிருந்தது. வாசல் நிலைக்குக் குனிபவன் அன்றைக்குக் குனியவில்லை, நெற்றியில் இடித்தது. இடித்ததற்கு முகம்கூடச் சுளிக்கவில்லை.

அவளைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. நன்றாகத்தான் இருந்தான். நன்றாகத் தூங்கினான், நன்றாகச் சாப்பிட்டான். கெட்ட கனவுகள் நின்றுவிட்டன. தோட்டத்தில் கட்டுவிரியனைக் கண்டால் ஒதுங்கிப்போகிறவன், வெறுங்கையால் வாலைப் பிடித்துத் தூக்கி எறிந்துவிட்டு வந்து சாதாரணமாகச் சொன்னான். அவள்தான் அன்று முழுக்கத் தோட்டத்தில் கால் வைக்கவில்லை. அவன் மார்பில் காதை வைத்துப் பார்த்தாள். தப்பித் தப்பி விழும் அந்தத் துடிப்பு இப்போதும் இருந்தது. உடம்பு அவனுடையதாகவே இருந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மழைக்கு முன்பு ஜெசிந்தா வந்தாள். சூசைராஜின் மனைவி, தொண்டிப் பக்கம் கடற்கரை ஊர். ஒருமுறை ஏற்கெனவே வந்திருக்கிறாள், புருஷன் செத்த சில மாதத்தில். அன்றைக்குத் தவசிராஜன் அவள் எதிரில் உட்கார்ந்து, திக்கித் திக்கி, எதையும் மறைக்காமல் எல்லாம் சொன்னான். கடைசியில் சூசைராஜ் அவனிடம் ஒன்று கேட்டிருந்தான்: ஜெசி என்னைக் கூப்பிடுகிற மாதிரி ஒரு தடவை கூப்பிடு. அவன் சொல்லிக்கொடுத்தபடி இவன் “தொரை” என்று கூப்பிட்டானாம். இரண்டாம் தடவை கூப்பிடும்போது சூசைராஜிடம் பதில் இல்லை. அந்தப் பெயரை வீட்டுக்கு வெளியே யாரும் அறிய மாட்டார்கள். அதைக் கேட்டதும் ஜெசிந்தா அவ்வளவு அழுதாள். போகும்போது முகம் தெளிந்திருந்தது.

இப்போது கூடத்தில் உட்கார்ந்து, கைபேசியை எடுத்து நடுவில் வைத்தாள்.

“அண்ணே, எங்க ஊர்ல எல்லாரும் படத்தப் பாத்துட்டு வந்து, ஒம் புருசன் சல்யூட் அடிச்சுச் செத்தான், ஒம் புருசன் ஜே சொல்லிச் செத்தான்ங்கிறாங்க. என் மகளும் அதையே சொல்லித் திரியிறா. நீங்க எனக்குச் சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்க. இதுல பிடிச்சு வச்சுக்கிறேன். அவ பெரியவளானா கேக்கட்டும்.”

“சொல்றேம்மா” என்று தவசிராஜன் நிமிர்ந்து உட்கார்ந்தான். “சூசை சிங்கம்மா. வயித்துல பட்டுச்சு. ‘ஆ’ன்னு ஒரு சத்தம் போடல. நேரா நிமிந்து எனக்கு ஒரு சல்யூட் அடிச்சான். ஜே போட்டான். அம்புட்டுத்தான். நான் அவனத் தாண்டிக் குதிச்சேன்.”

ஜெசிந்தா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அண்ணே, அது படத்துல வர்றது.”

“நடந்தது அதானம்மா.”

“நீங்க அவர மடியில வச்சிருந்தேன்னு சொன்னீங்களேண்ணே.”

“மடியிலயா?” அவன் யோசித்தான். பொய் சொல்கிற முகம் இல்லை அது. நேர்மையாகத் தேடிப் பார்த்துவிட்டு, கிடைக்காமல் திரும்பி வந்த முகம். “சண்டை நடக்கும்போது மடியில வச்சுக்கிட்டு எப்பிடிம்மா இருக்க முடியும்?”

செவ்வந்திக்குப் பொறுக்கவில்லை. “தொரைன்னு கூப்பிட்டீகளே, அதச் சொல்லுங்க. ரெண்டு தடவ கூப்பிட்டீகளே!”

“யாரு தொரை?” என்றான் அவன்.

ஜெசிந்தா மெதுவாகக் கைபேசியை எடுத்து அணைத்தாள். செவ்வந்தி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்ததையெல்லாம், பந்தலுக்கு அடியில் கேட்ட ஒவ்வொரு சொல்லையும் கொட்டினாள். ஜெசிந்தா கேட்டுக்கொண்டாள். கடைசியில், “நீங்க சொல்றது நெசந்தான் மதினி. எனக்குத் தெரியும். ஆனா அங்க இருந்தவரு அண்ணன் மட்டுந்தான?” என்றாள். தவசிராஜனைத் திரும்பிப் பார்த்தாள். “இவரே அங்க இல்லேன்னா, எம் புருசன் யாரு மடியிலயும் சாகலன்னுதான மதினி ஆகுது.”

சாப்பிடச் சொல்லியும் கேட்காமல் கிளம்பிவிட்டாள்.

அடுத்த பருவக் காய் பழுத்துக்கொண்டிருந்த சமயத்தில் ஒரு ராணுவ வண்டி தோட்டத்து வரப்பில் வந்து நின்றது. மேஜர் திலகன், பயிற்சி முகாமிலிருந்து. அவரோடு ஒரு மெய்ப்பதிவியும் வந்திருந்தது. தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு, தவசிராஜனிடம் பேச வேண்டியதை ஏனோ செவ்வந்தியைப் பார்த்துப் பேசினார்.

“புதுசா சேர்ற பசங்களுக்குத் தைரியம் வரட்டும்னு இந்தப் படங்களை வெச்சுத்தாம்மா பயிற்சி கொடுத்தோம். தினமும் அங்கி போடுவாங்க. போட்டுப் போட்டு அது உடம்புலயே தங்கிடுச்சு. நல்லாத்தான் இருந்துச்சு, எல்லைக்குப் போற வரைக்கும்.” தம்ளரைக் கீழே வைத்தார். “குண்டுச் சத்தம் கேட்டா உடம்பு தானா தரையில விழணும். யோசிச்சு விழறதில்ல அது. இவங்க எழுந்து நிக்கிறாங்கம்மா. எல்லாரும் எழுந்து நிக்கிறாங்க. நான் அனுப்புன பசங்க. பெட்டி பெட்டியா வருது.”

“பயம் வேணும்ல அதுக்கு” என்றாள் செவ்வந்தி.

“ஆமா. ஒரு மனுஷனோட நிஜமான பயம் வேணும். அதைப் போட்டுப் பழக்குனா உடம்பு மறுபடி கத்துக்கும்னு டாக்டருங்க சொல்றாங்க. வெட்டுன பதிவுகள் எங்கேயாவது இருக்குமான்னு தேடினோம். ஒண்ணுகூட இல்லை. படைக்கு இழுக்குன்னு அழிக்கச் சொன்னதே நாங்கதான்.” அவர் தலையைத் திருப்பித் திராட்சைக் கொத்துகளைப் பார்த்தார். “அதான் வீடு வீடா வர்றேன். பதிவியைப் போட்டுக்கிட்டு அந்த நாளை நினைச்சா, உடம்பு கொஞ்சமாவது திருப்பித் தரும்.”

தவசிராஜன் உடனே சட்டையைக் கழற்றினான். பதிவியை மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தான். மேஜர் அவனை அந்த முகட்டுக்கு அழைத்துப்போனார்: பனி, காற்று, குண்டு, சூசைராஜ். அவர் கையிலிருந்த காட்சிப் பலகையில் கோடு ஏறியது. ஏறி, முறுக்கி, நின்றது. குஸ்தி பயில்வானின் கோபம். மறுபடி கேட்டார். மறுபடி அதே கோடு, மயிரிழை மாறாமல்.

“பயமா இருந்துச்சா நாயக்?”

“எனக்கா சார்?” அவன் சிரித்தான்.

மேஜர் பலகையை மூடினார். இதற்கு முன்பு எத்தனை வீடுகளில் அதை மூடியிருப்பாரோ, அவருக்கு ஆச்சரியமே இல்லை. “எல்லாரும் அவங்கவங்க படத்தைப் பாத்துட்டாங்கம்மா” என்றார்.

“அவர் எனக்குச் சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடமா இருக்கு சார். நான் சொல்றேன். எழுதிக்கங்க. எம் மேல அத மாட்டுங்க.”

“அது உங்க துக்கம்மா. அவர் பயம் இல்ல.”

தவசிராஜன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே எழுந்து நின்றான். “பயத்த வச்சு என்ன சார் பண்ணப்போறீங்க? பசங்களுக்கு முன்னால நிக்க ஆள் இல்ல, அதான் சங்கதி. என்னய எடுத்துக்கங்க. முன்வரிசையில நான் நிக்கிறேன்.”

செவ்வந்தி மேஜரின் பின்னாலேயே வண்டிவரை ஓடினாள். “சார், இவுக லாயக்கு இல்லன்னு எழுதிருங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“எழுதுறேன். சத்தியமா எழுதுறேன்.” அவர் வண்டிக் கதவைத் திறந்தார். “ஆனா அதைப் படிக்கப் போறவங்க எல்லாரும் அந்தப் படத்தைப் பாத்தவங்கம்மா.”

அவனைப் படைக்குத் திரும்ப அழைத்து ஆணை வந்தது. வேங்கை மறுபடி முகட்டுக்குப் போகிறது என்று செய்தி போட்டார்கள். ஊரில் தோரணம் கட்டினார்கள். கிளம்புகிற அன்று தவசிராஜன் பச்சைப் பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். செவ்வந்தி அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அழுதோ கெஞ்சியோ பலன் இல்லையென்று ஆகிவிட்டது. ஒருவேளை அவன் பெயரைச் சொல்லாமல் சொன்னால் உடம்பு ஏமாந்து உள்ளே விடுமோ என்று ஒரு நப்பாசை.

“ஒரு ஆளப் பத்திச் சொல்றேன், கேக்குறீகளா?”

“சொல்லு.”

சொன்னாள். பனிப்பள்ளத்தில் கிடந்தவனைப் பற்றி. மடியில் கிடந்த கூட்டாளியைப் பற்றி. பயத்தில் நனைந்து உறைந்துபோன கால்சட்டையைப் பற்றி, திராட்சைப் பந்தலைப் பற்றிச் சொல்லிச் சொல்லிச் சாகிறவனைத் தேற்றியதைப் பற்றி, தலையை ஒரு விரல்கடைகூடத் தூக்காமல் பகல் பூராவும் கிடந்ததைப் பற்றி. ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் அடுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். நல்ல மனுஷன், அடுத்தவன் கஷ்டத்தைக் கேட்டால் இப்போதும் அவனுக்கு மனது இளகத்தான் செய்தது.

“பாவம்” என்றான். “யாரு பெத்த பிள்ளையோ. அம்புட்டுப் பயத்த வச்சுக்கிட்டு எப்பிடிக் கிடந்தானோ. உசுரோட வீடு வந்து சேந்தானா?”

வெளியே மேளக்காரர்கள் வந்துவிட்ட சத்தம் கேட்டது.

“வந்தாரு” என்றாள் செவ்வந்தி. “கொஞ்ச நாள் இருந்தாரு.”

அவன் தலையை ஆட்டிக்கொண்டு பெட்டியை மூடினான்.